கிணற்று மோட்டாரும் இரண்டு மீட்டர்களும்

அழுத்தத்தையும் ஓட்டத்தையும் கொண்டு மின்சாரத் தடையும் திறனும் கணக்கிடும் முறை

கவலை இறைத்த நாளில், மாடுகளின் விலாவையும் வாயில் வடியும் நுரையையும் கண்டே விவசாயி அவற்றின் களைப்பை அறிந்துகொண்டான். நேரம் பார்த்து நுகத்தை அவிழ்த்து நிழலில் கட்டினான். இன்று நீர் இறைக்கும் மோட்டாருக்கு வாயும் இல்லை, விலாவும் இல்லை. அது வருந்துவதைப் பெரும்பாலோர் அறிவது, காயில் கருகிய நாற்றம் மூக்கில் ஏறிய பின்னரேயாகும். அதற்குள் காயில் கட்டும் செலவும், அத்தனை நாள் தண்ணீரின்றி வாடும் பயிரின் நஷ்டமும் வந்து சேர்ந்துவிடுகின்றன.

நீலகிரியில் பைக்காரா நீர்மின் நிலையம் 1932-ஆம் வருஷத்திலும், மேட்டூர் நிலையம் 1937-ஆம் வருஷத்திலும், பாபநாசம் நிலையம் 1944-ஆம் வருஷத்திலும் வேலை செய்யத் தொடங்கின. அக்காலம் முதல் மின்சாரம் சிறிது சிறிதாக நம் கிணறுகளை வந்தடைந்தது. ஆயினும் மோட்டாரை ஓட்டத் தெரிந்தவர் பலராயிருக்க, அதன் கணக்கைப் பார்க்கத் தெரிந்தவர் சிலரேயாவர். அக்கணக்கு கடினமானதன்று. பெருக்கலும் வகுத்தலும் அறிந்தவர்க்கு, ஸ்டார்ட்டர் பெட்டியின் அருகே பொருத்திய ஒரு வோல்ட் மீட்டரும் ஓர் ஆம்பியர் மீட்டருமே போதும். இவ்விரண்டும் காட்டும் எண்களிலிருந்து தடையையும் திறனையும் அறியும் முறையும், அவ்வறிவினால் மோட்டாரையும் பயிரையும் உயிரையும் காத்துக்கொள்ளும் வழியும் கீழே விளக்கப்படுகின்றன.

அழுத்தம், ஓட்டம், தடை

ஏரியின் மதகுக்குப் பின்னே நீர்மட்டம் உயர்ந்திருந்தால் வாய்க்காலில் நீர் மிகுதியாகப் பாய்கிறது. மட்டம் தாழ்ந்தால் பாய்ச்சலும் குறைகிறது. மட்டம் ஒன்றேயாயினும், வாய்க்கால் குறுகியதாகவோ, கோரையும் வண்டலும் அடைத்ததாகவோ இருப்பின் பாயும் நீர் குறைந்துவிடும். மின்சாரமும் இவ்வாறே. நீர்மட்டத்தின் உயரத்தைப் போன்றது மின்சார அழுத்தம். இதனை வோல்ட் என்னும் அளவால் அளக்கிறோம். பாயும் நீரின் அளவைப் போன்றது மின்சார ஓட்டம். இதற்கு அளவு ஆம்பியர். வாய்க்காலின் குறுக்கத்தையும் அடைப்பையும் போன்றது தடை. இதற்கு அளவு ஓம்.

இம்மூன்றுக்கும் உள்ள தொடர்பை ஜார்ஜ் சைமன் ஓம் என்னும் ஜெர்மானிய அறிஞர் 1827-ஆம் வருஷத்தில் வெளியிட்டார். தடையின் அளவு அவர் பெயராலேயே வழங்குகிறது. அவர் கண்ட விதி வருமாறு:

தடை = அழுத்தம் ÷ ஓட்டம்
ஓட்டம் = அழுத்தம் ÷ தடை
அழுத்தம் = ஓட்டம் × தடை

மூன்றில் இரண்டு தெரிந்தால் மூன்றாவது தானே கிடைக்கும். தண்ணீர் சுடவைக்கும் மின்சாரச் சுருள் ஒன்று 230 வோல்ட் அழுத்தத்தில் 4.35 ஆம்பியர் ஓட்டத்தை வாங்குகிறது என வைத்துக்கொள்வோம். 230-ஐ 4.35-ஆல் வகுக்க 53 ஓம் வருகிறது. அச்சுருளின் தடை இதுவேயாகும்.

திறன்

ஒரு கருவி எவ்வளவு வேகமாக வேலை செய்கிறது என்பதைத் திறன் என்கிறோம். இதற்கு அளவு வாட். நீராவி எந்திரத்தைச் சீர்திருத்திய ஜேம்ஸ் வாட்டின் பெயரால் அமைந்தது. 746 வாட் கொண்டது ஒரு குதிரைத் திறன். திறனைக் கணக்கிடும் முறை:

திறன் = அழுத்தம் × ஓட்டம்

மேற்கண்ட சுருளுக்கு 230 × 4.35 = 1000 வாட் ஆகிறது. 1000 வாட் திறனுள்ள கருவி ஒரு மணி நேரம் வேலை செய்தால் செலவாவது ஒரு யூனிட். அழுத்தம் என்பது ஓட்டமும் தடையும் பெருகிய தொகையே யாதலின், இவ்விதியை வேறு விதமாகவும் எழுதலாம்:

திறன் = ஓட்டம் × ஓட்டம் × தடை

கம்பியில் மின்சாரம் பாயும்போது வெப்பமாக மாறும் அளவு இதுவே என்பதை ஜேம்ஸ் பிரெஸ்காட் ஜூல் என்னும் ஆங்கில அறிஞர் 1841-ஆம் வருஷத்தில் வெளியிட்டார். இதில் ஓட்டம் இருமுறை பெருக்கப்படுவதை ஊன்றிக் கவனிக்கவேண்டும். ஓட்டம் இரண்டு மடங்கானால் வெப்பம் இரண்டு மடங்காவதில்லை; நான்கு மடங்காகிறது. மோட்டார்கள் கருகுவதன் இரகசியம் முழுவதும் இதில் அடங்கியிருக்கிறது.

மோட்டாரின் கணக்கு

கிணற்று மோட்டார் பெரும்பாலும் மும்முனை மின்சாரத்தால் ஓடுவது. அதற்கு இரண்டு திருத்தங்கள் வேண்டும். முதலாவது, மூன்று கம்பிகளிலும் மின்சாரம் முறைவைத்துப் பாய்வதால், இரு முனைகளுக்கு இடையேயுள்ள அழுத்தத்தையும் ஒரு கம்பியின் ஓட்டத்தையும் பெருக்கி, வருவதை 1.732-ஆல் மறுபடியும் பெருக்கவேண்டும். இரண்டாவது, மோட்டாரில் அழுத்தமும் ஓட்டமும் ஒரே கணத்தில் உச்சத்தை அடைவதில்லை. ஓட்டம் சற்றுப் பின்தங்கி வரும். ஒரு நுகத்தில் பூட்டிய இரு மாடுகளில் ஒன்று சற்றுப் பின்னிட்டு இழுத்தால் இழுப்பு முழுமையாகப் பயன்படாததுபோல, இங்கும் ஒரு பகுதி பயன்படாது போகிறது. பயன்படும் பங்கைத் திறன் காரணி என்பர். முழுச்சுமையில் ஓடும் சாதாரண மோட்டாருக்கு அதனை 0.85 எனக் கொள்ளலாம்.

5 குதிரைத் திறன் மோட்டார் ஒன்று 415 வோல்ட் அழுத்தத்தில் 7.5 ஆம்பியர் வாங்குகிறதெனின்,

1.732 × 415 × 7.5 × 0.85 = 4580 வாட் (ஏறக்குறைய)

தகட்டில் பொறித்த 5 குதிரைத் திறன் என்பது மோட்டாரின் தண்டில் கிடைப்பது. அது 3730 வாட். எஞ்சிய 850 வாட்டும் மோட்டாருக்குள்ளேயே வெப்பமாகவும் உராய்வாகவும் கழிகிறது. மோட்டார் ஒரு மணி நேரம் ஓடினால் ஏறக்குறைய நான்கரை யூனிட் செலவாகும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. ஓடும் மோட்டாரின் அழுத்தத்தை ஓட்டத்தால் வகுத்து, வரும் எண்ணை அதன் காயிலின் தடை என்று கொள்ளலாகாது. சுழலும் மோட்டார் தன்னுள்ளே ஓர் எதிர் அழுத்தத்தை உண்டாக்கிக்கொண்டு, உள்வரும் ஓட்டத்தைக் கட்டுப்படுத்துகிறது. நின்றிருக்கும் மோட்டாரை நேராக இணைத்தவுடன் அவ்வெதிர் அழுத்தம் இல்லாமையால், முதற்கணத்தில் முழுச்சுமை ஓட்டத்தைப்போல் ஏறக்குறைய ஆறு மடங்கு பாய்கிறது. அடைப்பினாலோ இறுக்கத்தினாலோ சுழலாமல் உறுமி நிற்கும் மோட்டாரை உடனே நிறுத்தவேண்டும் என்பதன் காரணம் இதுவே.

அழுத்தம் குறைந்தால் நேர்வது

அழுத்தம் குறைந்தால் மோட்டார் மெதுவாக வேலை செய்யும், அதனால் அதற்கு இளைப்பாறுதலே என்று எண்ணுவோர் உளர். சுடவைக்கும் சுருளின் விஷயத்தில் இது மெய். அழுத்தம் 230-லிருந்து 184 வோல்ட்டாகக் குறையின், ஓட்டமும் குறைந்து, திறன் 640 வாட்டாக இறங்கும். தண்ணீர் சுடத் தாமதமாகுமேயன்றிச் சுருளுக்குத் தீங்கில்லை.

மோட்டாரின் நிலை இதற்கு நேர்மாறானது. கிணற்றின் ஆழம் குறையவில்லை. தூக்கவேண்டிய நீரின் பாரமும் குறையவில்லை. வேலை ஏறத்தாழ அவ்வளவே இருக்க, அழுத்தம் குறைந்தால், அக்குறையை ஈடுசெய்ய மோட்டார் மிகுதியான ஓட்டத்தை வாங்குகிறது. 415 வோல்ட் இருக்கவேண்டிய இடத்தில் 340 வோல்ட்டே இருக்குமாயின்,

7.5 × 415 ÷ 340 = 9.15 ஆம்பியர்

ஆகிறது. 7.5-க்கு 9.15 என்பது பெரிய உயர்வாகத் தோன்றாது. ஆனால் வெப்பம் ஓட்டத்தின் இருமுறைப் பெருக்கமாதலால், காயிலில் எழும் வெப்பம் ஏறக்குறைய ஒன்றரை மடங்காகிவிடுகிறது. காயிலைச் சுற்றியுள்ள காப்புப் பூச்சு, தாங்கும் அளவுக்குமேல் ஒவ்வொரு 10 டிகிரி வெப்பத்துக்கும் தன் ஆயுளில் ஏறக்குறையப் பாதியை இழக்கும் என்பது பொறியியலார் நெடுங்காலமாகக் கையாளும் கணக்கு. ஆகவே, மோட்டாரின் தகட்டில் 415 வோல்ட் என்றிருக்க, மீட்டர் 390-க்குக் கீழே இறங்குமாயின் ஆம்பியர் மீட்டரை அடிக்கடி நோக்கவேண்டும். தகட்டில் கண்ட ஆம்பியரை அது தாண்டினால் மோட்டாரை நிறுத்திவிடுதலே நன்று. ஓவர்லோடு ரிலேயின் முள்ளைத் தகட்டு அளவுக்குமேல் திருகி வைப்பது, நாயின் வாயைக் கட்டிவிட்டுத் திருடனை வரவேற்பதற்கு ஒப்பாகும்.

மூன்று முனைகளில் ஒன்று அறுந்த நிலையில் ஓடும் மோட்டாரும் எஞ்சிய கம்பிகளில் மிகுதியான ஓட்டத்தை வாங்கி விரைவில் கருகும். இருமுனை மட்டும் வரும் நேரத்தில் கண்டென்சர் இட்டு மோட்டாரை ஓட்டுவோர் இதை மனத்தில் இருத்தவேண்டும்.

கம்பியில் கரையும் மின்சாரம்

வாய்க்காலின் தலைமடையில் நிறைந்து பாயும் நீர் கடைமடையைச் சேரும்போது மெலிந்துவிடுவதை நாம் அறிவோம். மீட்டர் பெட்டியிலிருந்து வெகுதூரத்தில் கிணறு இருப்பின், மோட்டாரும் கடைமடைக்காரரைப் போன்றதே. பெட்டியில் நல்ல அழுத்தம் இருந்தும் கிணற்றடியில் குறைவாயிருப்பதற்குக் காரணம் கம்பியின் தடையாகும்.

ஒரு மீட்டர் நீளமும் ஒரு சதுர மில்லிமீட்டர் குறுக்களவும் உள்ள அலுமினியக் கம்பியின் தடை 0.028 ஓம், செம்புக் கம்பியாயின் 0.017 ஓம். நீளம் கூடினால் தடை கூடும். குறுக்களவு கூடினால் தடை குறையும். கிணறு 300 மீட்டர் தூரத்தில் உள்ளது. 4 சதுர மில்லிமீட்டர் அலுமினியக் கேபிள் இழுக்கப்பட்டுள்ளது எனக் கொள்வோம்.

ஒரு கம்பியின் தடை: 0.028 × 300 ÷ 4 = 2.1 ஓம்
அழுத்த வீழ்ச்சி: 1.732 × 7.5 × 2.1 = 27 வோல்ட்
மூன்று கம்பிகளிலும் வீணாகும் திறன்: 3 × 7.5 × 7.5 × 2.1 = 354 வாட்

பெட்டியில் 415 இருந்தாலும் கிணற்றடியில் 388 வோல்ட்டே கிடைக்கும். மோட்டார் புறப்படும் கணத்தில் ஓட்டம் பல மடங்காவதால் வீழ்ச்சியும் அதற்கேற்பப் பெருகி, மோட்டார் எழும்பாமல் தவிக்கும். இதற்கு மாறாக 10 சதுர மில்லிமீட்டர் கேபிள் இழுத்திருந்தால், தடை 0.84 ஓமாகவும், வீழ்ச்சி 11 வோல்ட்டாகவும், வீணாகும் திறன் ஏறக்குறைய 142 வாட்டாகவும் குறையும். செம்பாயின் 6 சதுர மில்லிமீட்டரே இதற்கு ஈடாகும். வருஷத்தில் 2000 மணி நேரம் மோட்டார் ஓடுவதாகக் கொண்டால், இவ்விரு கேபிள்களுக்கும் இடையேயுள்ள வேற்றுமை 420 யூனிட்டுக்கு மேலாகும்.

தமிழ்நாட்டில் விவசாயப் பம்புசெட்டுகளுக்கு மின்சாரம் இலவசமாக வழங்கப்படுவதால், கம்பியில் போனால் நமக்கென்ன என்று கருதுவது பொருந்தாது. மின்சாரம் இலவசமாயினும் காயில் கட்டுவது இலவசமன்று. கேபிள் வாங்கும்போது மிச்சப்படுத்திய பணத்தை மோட்டார் கடையில் தவணை தவணையாகச் செலுத்துவோர் பலர். முறுக்கிக் கட்டிய இணைப்புகளும் துருவேறிய முனைகளும் தடையை மிகுவிப்பவை. தொட்டால் சுடும் இணைப்பு ஒவ்வொன்றும் அங்கே மின்சாரம் வீணாவதற்குச் சாட்சி. இதனைச் சோதிப்பதும், மின்சாரத்தை முற்றிலும் நிறுத்திய பின்னரே செய்யத்தக்கது.

ஒரே டிரான்ஸ்பார்மரைப் பகிர்ந்துகொள்வோர் கவனத்துக்கு

மேற்கூறிய கணக்கு ஒருவர் வரப்போடு நிற்பதன்று. 415 வோல்ட்டில் 7.5 ஆம்பியர் வாங்கும் மோட்டார் ஒன்று டிரான்ஸ்பார்மரின்மேல் ஏற்றும் சுமை 1.732 × 415 × 7.5, அஃதாவது 5.4 கிலோ வோல்ட் ஆம்பியர். 63 கிலோ வோல்ட் ஆம்பியர் டிரான்ஸ்பார்மர் இத்தகைய மோட்டார்கள் பதினொன்றைத் தாங்கும். கிணற்றில் நீர் தாழ்ந்துவிட்டதென்று பதினொருவரும் 5 குதிரைத் திறனுக்குப் பதிலாக, 11 ஆம்பியர் வாங்கும் ஏழரைக் குதிரைத் திறன் மோட்டாரை இறக்குவாராயின், ஒவ்வொன்றும் 7.9 கிலோ வோல்ட் ஆம்பியர் ஏற்ற, மொத்தம் 87 ஆகிறது. டிரான்ஸ்பார்மர் தாங்கும் அளவைவிட இது மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அதிகம். அப்போது அழுத்தம் எல்லாருக்கும் தாழும்; தாழவே, ஒவ்வொரு மோட்டாரும் இன்னும் மிகுதியான ஓட்டத்தை வாங்கும்; வாங்கவே, அழுத்தம் இன்னும் தாழும். அனுமதித்த அளவிலேயே மோட்டார் வைத்திருப்பவரும் பிறர் செய்த மிகையால் தம் மோட்டாரை இழக்க நேரும்.

கிராம அதிகாரிகள் இங்கே பெரிதும் உதவக்கூடும். 'கரண்டு சரியில்லை' என்று பொதுவாக முறையிடுவதைவிட, ஒரு வாரம் காலையும் மாலையும் வோல்ட் மீட்டர் காட்டிய எண்களைத் தேதியுடனும் நேரத்துடனும் குறித்து, டிரான்ஸ்பார்மரில் இணைந்த மோட்டார்களின் பட்டியலையும் சேர்த்து மின்வாரிய அலுவலகத்துக்கு விண்ணப்பம் செய்தால் அதற்கு மதிப்பு மிகுதியாயிருக்கும். ஆயினும் அப்பட்டியல் உண்மையாயிருத்தல் வேண்டும்.

காயிலைச் சோதித்தல்

காயில் பழுதென்று மோட்டாரைக் கடைக்கு அனுப்புமுன், தடைக் கணக்கைக்கொண்டே அதைச் சோதிக்கலாம். மின்சாரத்தை முற்றிலும் துண்டித்து, ஆறு முனைகள் உள்ள மோட்டாரில் இணைப்புத் தகடுகளைக் கழற்றிவிட்டால் மூன்று காயில்களும் தனித்தனியாகப் பிரியும். டிராக்டரின் 12 வோல்ட் பேட்டரியை ஒவ்வொரு காயிலுக்கும் சிறிதுநேரம் இணைத்து ஓட்டத்தை அளக்கவேண்டும். எடுத்துக்காட்டாக, முதலிரண்டு காயில்களும் 3 ஆம்பியர் வாங்கினால் அவற்றின் தடை 4 ஓம். மூன்றாவது 4 ஆம்பியர் வாங்கினால் அதன் தடை 3 ஓம். அதில் சில சுற்றுகள் தம்முள் ஒட்டிக்கொண்டன என்று தெளியலாம். ஓட்டமே இல்லையெனில் காயில் அறுந்துள்ளது. மூன்றும் ஒத்திருந்தால், பழுது வேறிடத்தில் இருக்கக்கூடும். ஸ்டார்ட்டரையும் கேபிளையும் முதலில் பார்க்கவேண்டும். இச்சோதனையை மின்வினைஞர் ஒருவரைக்கொண்டு நம் கண்முன் செய்வித்தல் நலம்.

செலவான திறனும் ஏறிய நீரும்

மோட்டார் வாங்கும் திறன் முழுவதும் நீராக மாறுகிறதா என்பதையும் பார்த்தல் வேண்டும். ஒரு லிட்டர் நீரை ஒரு விநாடியில் ஒரு மீட்டர் உயர்த்த 9.81 வாட் தேவை. 200 லிட்டர் டிரம் 25 விநாடியில் நிரம்பினால் விநாடிக்கு 8 லிட்டர் வருகிறது. குழாயின் உராய்வையும் சேர்த்து மொத்த உயரம் 25 மீட்டராயின்,

8 × 25 × 9.81 = 1962 வாட்

ஆகிறது. 4580 வாட் செலுத்தி 1962 வாட் பெறுகிறோம். நூற்றுக்கு 43 பங்கு. இது நடுத்தரமான பலன். இதே மோட்டாருக்கு டிரம் நிரம்ப 40 விநாடி ஆகும் நாள் வந்தால், இரண்டு மீட்டர்களும் காரணத்தைச் சொல்லும். நீரும் குறைந்து ஆம்பியரும் குறைந்திருந்தால், அடிவால்வில் அடைப்போ, கிணற்றில் மட்டம் தாழ்ந்ததோ, குழாயில் காற்று புகுந்ததோ காரணமாகலாம். நீர் குறைந்து ஆம்பியர் மிகுந்திருந்தால், பேரிங் தேய்வோ இம்பெல்லர் உராய்வோ இருக்கலாம்; உடனே பார்க்கவேண்டும்.

உயிரைக் காக்கும் கணக்கு

இறுதியாகக் கூறுவது எல்லாவற்றிலும் முதன்மையானது. மனித உடலுக்கும் தடையுண்டு. உலர்ந்த தோலுக்கு அது மிகுதி. ஈரக் கையும் வெறுங்காலுமாகச் சேற்றில் நிற்பவருக்கு ஏறக்குறைய 1000 ஓம் அளவுக்கு இறங்கிவிடும். 230-ஐ 1000-ஆல் வகுத்தால் 0.23 ஆம்பியர். சிறிய எண்தான், ஆனால் 0.05 ஆம்பியரே இதயத்தின் துடிப்பைக் குலைத்து உயிரைப் போக்கக்கூடும். சேற்றில் நின்று மோட்டாரைத் தொடுபவருக்கும் மரணத்துக்கும் இடையே உள்ளது எர்த் கம்பி ஒன்றே.

எர்த் குழியின் தடை 2 ஓமாயின், மோட்டாரின் உடலில் மின்சாரம் கசியும்போது 230 ÷ 2 = 115 ஆம்பியர் அளவுக்கு நிலத்தில் பாய முயல்வதால், பியூஸ் உடனே உருகி மின்சாரம் அறும். குழி உலர்ந்து தடை 50 ஓமாகிவிட்டால், 230 ÷ 50 = 4.6 ஆம்பியரே பாயும். பியூஸ் உருகாது, மோட்டாரும் ஓடிக்கொண்டேயிருக்கும், அதன் உடலோ தொடுவாரைக் கொல்லக் காத்திருக்கும். எர்த் கம்பி இருக்கிறதென்று கண்ணால் கண்டு நிறைவடையாமல், அதன் தடையை வருஷந்தோறும் கோடையில் மின்வினைஞரைக்கொண்டு அளந்து பார்க்கவேண்டும். குழியில் கரியும் உப்பும் இட்டு, வறண்ட நாளில் தண்ணீர் ஊற்றிவருதல் அவசியம். 0.03 ஆம்பியர் கசிந்தாலே மின்சாரத்தைத் துண்டிக்கும் மின்கசிவுத் தடுப்பானைப் பொருத்துவது சிறந்த காவல். பியூஸ் போன இடத்தில் கையில் அகப்பட்ட தடித்த கம்பியைக் கட்டுவதை அறவே விடவேண்டும்.

பன்றியை விரட்டுவதற்கென்று வேலியில் மின்சாரம் பாய்ச்சுவோரும் இக்கணக்கை எண்ணிப் பார்ப்பாராக. 0.23 ஆம்பியர் ஓட்டம் பன்றியையும் பக்கத்து வயல்காரரின் மகனையும் வேறுபடுத்தி அறியாது. இது சட்டப்படி குற்றமாவதோடு, செய்தவர் தம் வாழ்நாள் முழுவதும் சுமக்கவேண்டிய பாவமுமாகும்.

செய்யத்தக்கது

ஸ்டார்ட்டர் பெட்டியில் ஒரு குறிப்புப் புத்தகத்தைத் தொங்கவிட்டு, மாதம் ஒருமுறையாவது நான்கு விஷயங்களை எழுதி வைக்கவேண்டும்: தேதி, வோல்ட், மூன்று கம்பிகளின் ஆம்பியர், டிரம் நிரம்பிய விநாடி. மூன்று கம்பிகளின் ஆம்பியரும் ஒத்திருத்தல் வேண்டும். நிலையான மீட்டர் ஒரே கம்பியில்தான் இருக்குமாயின், மின்வினைஞரிடமுள்ள டங் டெஸ்டர் என்னும் இடுக்கி மீட்டரால் மற்ற இரண்டையும் அளந்துகொள்ளலாம். மோட்டார் புதிதாய், நல்ல நிலையில் ஓடும்போதே முதற்குறிப்பை எழுதுதல் முக்கியம். பின்னால் வரும் எண்களுக்கு அதுவே உரைகல். இந்த எழுத்து வேலைக்குச் செல்வது கால் நாழிகை. மாட்டைத் தடவிப் பார்க்க நம் முன்னோர் செலவிட்ட நேரமும் ஏறக்குறைய அவ்வளவுதான்.